வாளியில் வைக்காத ஒரே செடி

எங்கள் வீட்டில் எல்லாச் செடியும் வாளியில்தான் வளர்ந்தது. கறிவேப்பிலை, மிளகாய், கற்பூரவள்ளி, முருங்கைகூட. சுவருக்கு நிறம் பூசுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போகும் பெரிய வெள்ளை வாளிகளை நான் கேட்டு வாங்கி வருவேன். மனைவி ஆணியை அடுப்பில் சுடவைத்து அடியில் ஓட்டை போடுவாள். வாளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடி கழன்றிருந்தால் அவள் எடுக்கமாட்டாள். "பிடியில்லாததை எப்பிடித் தூக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவள் வீட்டார் மன்னாரில் தங்கள் வளவில் வைத்த தென்னை காய்க்கும் முன்பே எழும்பி ஓடினவர்கள். பிறகு ஓடிப்போன இடத்தில் வைத்த மாதுளையையும் விட்டுவிட்டு ஓடினார்கள். "வேரோட வச்சதெல்லாம் ஆருக்கோ காய்ச்சுது. இனி நான் நிலத்தில ஒண்டும் வைக்கமாட்டன்" என்று கலியாணம் கட்டின புதிதிலேயே சொல்லிவிட்டாள். சிட்னிக்கு வந்து டூங்காபியில் ஒரு வாடகை வீட்டை எடுத்தபோது பின்வளவு பெரிதாக இருந்தது. மண் நல்ல மண். அவள் அதைப் பார்த்துவிட்டு, "வாளி அடுக்க நல்ல இடம்" என்றாள்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நானாக நிற்கவில்லை, பள்ளிக்கூடத்தை முகாமாக்கிவிட்டார்கள். படிக்காதவனுக்குப் பயம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். வருகிற எதையும் இன்னொருவர் வாசித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் மனம் சும்மா இருக்காது. கதவு தட்டினால் பயம், ரெலிபோன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம்.

மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்துச் சந்தையில் இருந்து ஒரு சின்னச் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே இரண்டு இலை நின்றது. பார்க்க லீக்ஸ் மாதிரி. கைமியா லில்லி என்று பெயராம். சிட்னிப் பக்கத்துக் காடுகளில் தானாக வளர்கிற செடி. சாடியில் குத்தியிருந்த அட்டையில் பூவின் படம் இருந்தது. மனிதனை விட உயரமான ஒரு தண்டின் நுனியில் இரத்தச் சிவப்பில் ஒரு பெரிய கொத்து. அவள் அட்டையை வாசித்துச் சொன்னாள்: பூக்க நிறைய வருசம் செல்லும், நிலத்தில் வைக்க வேணும், வைத்த பிறகு இடம் மாற்றக் கூடாது.

"அப்பா, நாங்கள் இஞ்சதானே இருப்பம்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

பிள்ளை கேட்டால் வேறு என்ன சொல்வது? அந்த ஒரு ஓமுக்காக வளவின் மூலையில் குழி தோண்டினேன். மனைவி கரண்டியோடு குசினிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரின்ரையோ வளவில கொண்டுபோய் வேர்விடப் போறியளோ?"

"நாங்கள் இஞ்சதான் இருக்கப்போறம். இது பூக்கிறதை நீர் இந்தக் கதவில நிண்டு பாப்பீர்."

"பாப்பம், பாப்பம்."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் சொன்ன சொல் அந்தக் குழிக்குள் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அது பூத்தால் நான் சொன்னது சரி. பூக்காவிட்டால், அவள் வாளிகளோடு காத்திருந்தது சரி.

அது பூக்கவில்லை. இலைகள் மட்டும் வளர்ந்தன. முதலில் மகளின் உயரம், பிறகு என் உயரம், பிறகு அதற்கும் மேல். அகலமான பச்சை இலைகள், நடுவில் இருந்து நாலாபக்கமும் விரிந்து நின்றன. மனைவி அதை 'உங்கட ஆள்' என்பாள். "உங்கட ஆள் இந்த வருசமும் ஒண்டும் காட்டேல்லையோ?" இடையிடையே வாடகை ஏஜென்ட் பெண் வீட்டைப் பார்வையிட வருவாள். செடியோ அனுமதி கேட்காமல் நட்டது. அவள் வளவுக்குள் வந்தால் நான் போய் அந்தச் செடிக்கு முன்னால் நிற்பேன், ஏதோ என் முதுகுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும் என்பது போல. ஒரு தடவை ஏஜென்ட் அதைப் பார்த்து 'நைஸ்' என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அது எந்த மாதிரி நைஸ் என்று.

"அப்பா, நைஸ் எண்டா நைஸ்தான்."

"முகம் எப்பிடி இருந்தது?"

"நோர்மலா இருந்தது. ப்ளீஸ், ஸ்டொப்."

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு வருடம், குளிர் தொடங்குகிற நேரத்தில் ஏஜென்ட் போன் பண்ணினாள். எல்லாருக்கும் கேட்க மகள் போனைச் சத்தமாகப் போட்டாள். வீடு விற்றாயிற்று. வாங்கினவர் இதை இடித்துவிட்டு, ஒட்டின மாதிரி இரண்டு வீடு கட்டப்போகிறார். குளிர் முடியும் முன்பு நாங்கள் வீட்டைவிட்டு எழும்ப வேண்டும். மகள் மொழிபெயர்க்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. சில சொற்களுக்குப் படிப்பு தேவையில்லை.

 மனைவி குசினிக்குள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. வளவுக்குப் போனேன். செடியின் நடுவில், இலைகளுக்கு இடையே, என் மணிக்கட்டுத் தடிப்பில் ஏதோ ஒன்று கூர்ந்து நின்றது. பச்சையும் சிவப்பும் கலந்த நிறம். நோய் என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் இதற்கும் வர வேண்டுமா? மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"அப்பா, பூக்கப் போகுது."

"எப்ப?"

"தண்டு முழுக்க வளர்ந்து முடிய மாசக்கணக்காகுமாம். ஸ்ப்ரிங்கில விரியும்."

குளிர் முடிந்தால்தானே ஸ்ப்ரிங். குளிர் முடியும் முன்பு நாங்கள் இங்கே இருக்கமாட்டோம்.  மனைவி கதவடியில் நிற்க, மூவரும் அந்தக் கூரான முளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு பார்க்கும் வரிசையில் நின்றேன். சிட்னியில் வாடகைக்கு வீடு தேடினவர்களுக்கு அந்த வரிசை தெரியும். தெருவின் பாதி தூரம் ஆட்கள். என் முன்னால் இளம் சோடிகள், கையில் கோப்பு, காலில் நல்ல சப்பாத்து. நான் வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவன், அதுவும் கூப்பிட்டால்தான் வேலை. உள்ளே போய் அறைகளைப் பார்க்கும்போதே, இது எங்களுக்குக் கிடைக்காது என்று சுவர்கள் சொல்வது போல இருக்கும். வார நடுவில் பதில் வரும். மகள் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். கடைசியில் அவள் வாசிப்பதைக்கூட விட்டுவிட்டாள், என் பக்கம் பார்க்காமல் இருந்தாலே எனக்கு விளங்கியது.

காருக்குள் படுப்பதா, கோயில் மண்டபத்தில் கேட்பதா, மகளை அவளுடைய சிநேகிதி வீட்டில் விடுவதா என்று மனம் ஓடியது. சாப்பிடும்போது ஓடியது, பெட்டி தூக்கும்போது ஓடியது. மனைவி மட்டும் வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கார் விடும் பாதையோரமாக வரிசையில் வைத்தாள். பிடிகளை எல்லாம் ஒரே பக்கம் திருப்பி வைத்தாள். அந்த வரிசையைத் தாண்டி நான் வேலைக்குப் போக வேண்டும், வர வேண்டும்.

வீடு கிடைப்பது என் கையில் இல்லை. செடியாவது என் கையில் இருக்கிறது என்று ஒரு பைத்தியம் பிடித்தது. எப்படியாவது நாங்கள் போகும் முன்பு அதைப் பூக்கவைத்துவிட வேண்டும். ஒரு நாள், ஒரு தரம், அவள் அந்தக் குசினிக் கதவில் நின்று பார்த்தால் போதும். பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

மனைவி மீன் கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு என்று எடுத்து வைப்பாள். அதை நான் தூக்கிக்கொண்டு போய் லில்லிக்கு ஊற்றினேன்.

"என்னப்பா செய்யிறியள்? அது என்ர கறிவேப்பிலைக்கு வச்சது."

"இது கெதியாப் பூக்க வேணும்."

"மீன் தண்ணி குடிச்சா மாசம் முந்துமோ?"

முந்தவில்லை. அயல்வீட்டுப் பூனைகள்தான் முந்தின. இரண்டு வாரத்தில் வெளி இலைகளின் நுனி கருகத் தொடங்கியது. இந்த ஊர்ச் செடிகள் இல்லாமையில் வளர்ந்தவை, மீன், எரு எல்லாம் அதிகமாகப் போனால் தாங்காது என்று மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவின தண்ணீர் வேறு. வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணைக் கழுவினேன். நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஊற்றினேன்.

பிறகு, முழுதாகக் கிண்டி எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. ஒரு ஞாயிறு பாதிரியாரின் பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் மண் கிண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துச் சுற்றிவரக் குத்தினேன். வேர்கள் பக்கவாட்டில் போகவில்லை. கயிறு மாதிரி, கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி நேரே கீழே போயின. அந்தச் செடியின் வேர் வருடா வருடம் செடியையே மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளுமாம். அலவாங்கைப் போட்டு நெம்பினபோது மேலே தண்டு நடுங்கியது.

"கிண்டாதேங்கோ!" மனைவி ஓடி வந்தாள். அவள் அந்தச் செடிக்குப் பக்கத்தில் வந்து நான் பார்த்ததே குறைவு. "பூக்கிற நேரம். பிள்ளைத்தாச்சியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

அவள் காலாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். கோயிலுக்குப் போட்ட நல்ல செருப்போடு. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று.

தண்டு என் தலையைத் தாண்டியது. கூரையின் மழைநீர்ப் பீலியைத் தாண்டியது. நுனியில் வாழைப்பொத்தி மாதிரி ஒரு பெரிய மொட்டுக் கட்டி, மண்சிவப்பு நிறத்தில் தடித்தது. எனக்கு இப்போது காற்றுப் பயம் பிடித்தது. ஆகஸ்ட் மாதத்தில் மேற்கில் இருந்து வீசும் காற்று குப்பைத் தொட்டிகளையே தெருவில் உருட்டும். குலை தள்ளின வாழைக்கு முண்டு கொடுக்கிற மாதிரி, தெருவில் யாரோ எறிந்திருந்த இரண்டு கம்பங்களை எடுத்து வந்து கவராக நட்டேன். போதாது என்று, கை எட்டின உயரத்தில் தண்டைத் தங்கூசியால் கட்டினேன். மீன்பிடிக்கிற அந்த நைலோன் நூல் அறாது. முடிச்சுப் போட என் கைக்குத் தெரியும், கடற்கரையில் படித்த ஒரே படிப்பு அது. ஒரு பக்கம் வேலியில், மறு பக்கம் உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் இறுக்கினேன்.

"கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கட்டாதேங்கோ" என்றாள் மனைவி.

"காத்துக்கு விழுந்திடுமப்பா."

"அது இந்த ஊர்க் காத்துக்குப் பிறந்தது. நாங்கள்தான் காத்துக்கு விழுறனாங்கள்."

நான் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

கடைசி நேரத்தில் வீடு கிடைத்தது. மனைவியோடு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு பெண் மூலமாக. கெல்லிவில்லில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம், தங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் சின்ன வீட்டை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். ஒரு அறை, ஒரு கூடம், முன்னால் கொங்கிறீற்று போட்ட முற்றம். "மண்ணே இல்லையே" என்றேன். "வாளிக்கு எதுக்கு மண்?" என்றாள் மனைவி. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மொட்டு இன்னும் மூடித்தான் இருந்தது. பூக்கும்போது வந்து பார்க்கலாமா என்று மகளைக் கொண்டு ஏஜென்டிடம் கேட்டேன். சாவி கொடுத்த மறுநாளே சுற்றிக் கம்பி வேலி போட்டுவிடுவார்கள் என்றாளாம்.

வீடு மாற இருந்த வாரத்தில் காற்று அடித்தது. வேலையில் நின்றேன். வேர்ஹவுஸின் பெரிய இரும்புக் கதவுகள் கடகடவென்று ஆடின. மனைவி போன் எடுத்து, "வாங்கோ" என்றாள். அதோடு வைத்துவிட்டாள். வழி முழுக்க நான் நினைக்காத விபத்து இல்லை. மகள், ரயில், அடுப்பு, கூரை எல்லாவற்றையும் நினைத்தேன். வளவுக்குள் போனபோது மனைவியும் மகளும் முழுதாக நின்றார்கள். தண்டுதான் முறிந்திருந்தது. நான் தங்கூசி கட்டின இடத்தில், சரியாக அந்த முடிச்சில். வேலி ஒரு பக்கம் சாய்ந்து இழுத்திருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் தண்டு வளைந்து கொடுத்திருக்கும். நுனி மொட்டு வேலியில் மோதித் தலைகீழாகத் தொங்கியது.

நான் அந்த ஈர மண்ணில் குந்திவிட்டேன். "நான் கட்டினதாலதான்" என்றேன். ஓம், சொன்னனான்தானே என்று அவள் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"மரம் அரியிற வாளைத் தாங்கோ" என்றாள்.

"என்னத்துக்கு?"

"தாங்கோவன்."

மகள் எடுத்துக் கொடுத்தாள். முறிந்த இடத்துக்கு மேலே, சாய்வாக, மனைவி நிதானமாக அறுத்தாள். கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறவள் அவள், எந்தப் பூவையும் அப்படித்தான் வெட்டுவாள். பாதையோர வரிசைக்குப் போய், இன்னும் ஓட்டை போடாத ஒரு வாளியைத் தேடி எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தண்டை அதில் இறக்கினாள்.

"போன திருநாளுக்கு உது மாதிரி ஒண்டு பீடத்துக்கு வந்தது. மொட்டாத்தான் வந்தது. தண்ணியில நிண்டு விரிஞ்சது."

"செத்துப்போனது எப்பிடி விரியும்?"

"செத்ததெண்டு ஆர் சொன்னது? வெட்டினது. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

சாமான் ஏற்றின வேனில் தண்டு அடங்கவில்லை. மொட்டைப் படுக்கை விரிப்பால் சுற்றி, யன்னலுக்கு வெளியே நீட்டி, மகள் பிடித்துக்கொண்டு வந்தாள். பொலிஸ் மறிக்கும் என்று நான் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். டயரில் காற்றுப் போய்விட்டது என்று நினைத்து வேனை ஓரம் கட்டினேன். டயர் நன்றாக இருந்தது.

"அப்பா, ஹி லைக்ட் இட்" என்றாள் மகள். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

கெல்லிவில்லில் வீட்டுக்காரப் பெண் வாசலில் நின்றாள். "வாங்க அண்ணா, வாங்கக்கா. ஐயோ, இது என்னங்க, கொடிக்கம்பமா?"

"பூ, தங்கச்சி" என்றாள் மனைவி.

"இதா? நான் நம்பவே மாட்டேன்."

கூரை தாழ்வாக இருந்ததால் உள்ளே நிற்கவைக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில், சுவரோடு சாத்தி வைத்தோம். மனைவி ஒன்றுவிட்ட ஒருநாள் தண்ணீர் மாற்றி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து விட்டாள். நான் அதைப் பார்க்காமல் நடந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து, காரை டூங்காபிப் பக்கம் திருப்பினேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீடு இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மண் மட்டும். குப்பை ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டியின் விளிம்பில், எங்கள் செடியின் இலைகள் வெளியே வழிந்து கிடந்தன, இன்னும் பச்சையாக. வேர் எப்படி வந்தது என்று பார்க்க எட்டிப் பார்த்தேன். எனக்கு அசையாத வேர் இயந்திரத்துக்கு எப்படி வந்தது? தொட்டியின் அடி தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். என் ஓம் அதற்குள்தான் எங்கேயோ கிடந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்வதா விடுவதா என்று காருக்குள்ளேயே இருந்தேன். முற்றத்தில் ஒரே சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். குழாயடியில் இரண்டு பச்சைக்கிளிகள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சண்டை பிடித்துக்கொண்டு தேன் குடித்தன. மொட்டு விரிந்திருந்தது. முழுதாக அல்ல. வேலியில் மோதின பக்கம் கருகிப்போய் அப்படியே மூடிக் கிடந்தது. மற்றப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொன்றாக, அட்டைப்படத்தில் இருந்த அதே சிவப்பு. தேன் சொட்டிக் கொங்கிறீற்று பிசுபிசுத்தது, எறும்பு வரிசை கட்டியிருந்தது.

வீட்டுக்காரப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "சூப்பர்ங்கண்ணா. எங்க மாமியாருக்கு அனுப்பணும். அவங்க அடுத்த வருஷம் இங்க வந்து எங்களோடயே தங்கப் போறாங்க. செடின்னா உயிர் அவங்களுக்கு."

பூ என் கண்ணில் இருந்து போய்விட்டது. அடுத்த வருஷம். வந்து எங்கே தங்குவார்கள்? முன் வீட்டிலா, பின் வீட்டிலா? எந்த மாதம்? அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மனைவி குசினிக் கதவில் நின்றாள். இந்த வீட்டிலும் குசினிக் கதவு முற்றத்துக்குத்தான் திறக்கிறது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"கேட்டனீரோ அவ சொன்னதை?" என்றேன்.

"கேட்டனான்."

"நான் என்ன செய்ய? பழைய வளவுக்கும் போட்டு வாறன். எல்லாம் கிண்டி எறிஞ்சு கிடக்கு. பூக்கும், இஞ்சயே இருப்பம் எண்டு உமக்கு நான்..."

"பூத்ததுதானே."

"அங்க பூக்கேல்லையே."

அவள் இறங்கி வந்தாள். கிளிகள் பறந்துபோயின. சிவப்பு இதழ் ஒன்றைத் தொட்டு, விரலில் ஒட்டின தேனை நக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பழைய நக்கல் முகத்தோடு.

"வாளியிலதான் பூத்தது. நான் அப்பவும் சொன்னனான். பிடியுள்ள வாளி. தூக்கிக்கொண்டு போகலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெயில் பூவின் பக்கம் வந்துகொண்டிருந்தது. "அங்கால நிழலுக்கு வையுங்கோ" என்றாள். பிடியைப் பிடித்துத் தூக்கினேன். தண்ணீரோடும் தண்டோடும் நினைத்ததை விடக் கனமாக இருந்தது. நான் வாளியைத் தூக்க, அவள் பூவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாள்.